தபாலைப் பிரிக்கும் கைகளுக்கு: ஆபத்தான கவரையும் பார்சலையும் கண்டுபிடிப்பது எப்படி, கண்டால் என்ன செய்வது

வருகிற தபாலில் ஆபத்தான பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது தூதரகங்களுக்கும் அமைச்சர் அலுவலகங்களுக்கும் உரிய வேலை என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், வழக்கறிஞர் அலுவலகம், சின்னப் பத்திரிகை, தொழிற்சங்கம், மருத்துவமனை என்று எதை எடுத்தாலும் அங்கே தினமும் காலையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து கவர்களைப் பிரித்து இன்வர்ட் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அவர்தான் அந்த அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர், இந்த விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காதவரும் அவர்தான். கவரின் மேல் மேலாளர் பெயர் இருக்கலாம், ஆனால் உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் தொடுவது இவர் கை. அதனால் தபால் சோதனையை அந்தக் கையிலிருந்து தொடங்கித் திட்டமிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், 2001-இல் அமெரிக்காவில் நடந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் பத்திரிகை, தொலைக்காட்சி அலுவலகங்களுக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் போயின. செனட்டர் டாம் டாஷ்லுக்கு வந்த கவரை அக்டோபர் 15 அன்று அவர் அலுவலக ஊழியர் ஒருவர் பிரித்தார், பொடி கொட்டியது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் தொடங்கின, அங்கே யாரும் சாகவில்லை. ஆனால் அதே கவர் வழியில் கடந்து வந்த வாஷிங்டனின் பிரென்ட்வுட் தபால் வகைப்படுத்தும் நிலையம் அக்டோபர் 21 வரை வழக்கம்போல இயங்கியது, அங்கே வேலை செய்த இருவர் இறந்துபோனார்கள். அவர்கள் அந்தக் கவரைப் பிரிக்கவே இல்லை. நன்றாக ஒட்டி டேப் போட்ட கவர்தான். வேகமான வகைப்படுத்தும் இயந்திரம் அதை அழுத்தியபோது காகிதத்தின் நுண்துளைகள் வழியாகவே பொடி வெளியே வந்துவிட்டது, இயந்திரத்தைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்றை ஊதும் பழக்கமும் அதை இன்னும் பரப்பியது. அந்தக் கடிதங்களால் மொத்தம் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள்.

யார் பெயருக்கு வந்தது என்று பார்த்து ஓடினார்கள், யார் கை வழியாக வந்தது என்று கேட்கத் தாமதமாகிவிட்டது. உங்கள் அலுவலகத்தில் இந்தத் தவறு நடக்கக் கூடாது.

முதலில் இடம்

தபாலைப் பிரிக்க ஒரு தனி இடம் வேண்டும். வரவேற்பறை மேசையிலோ சாப்பாட்டு மேசையிலோ வைத்துப் பிரிக்காதீர்கள். மேலதிகாரியின் அறைக்கு அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் பிரிப்பதும் வேண்டாம். வாசலுக்கு அருகே, கதவைச் சாத்த முடிகிற சின்ன அறையாக இருந்தால் போதும். வாசல் காவலர் அறையை ஒட்டி ஓர் அறை இருந்தால் இன்னும் நல்லது. 2013-இல் அமெரிக்க செனட்டர் ரோஜர் விக்கருக்கும், 2020-இல் அதிபர் டிரம்புக்கும் ரிசின் விஷம் தடவிய கடிதங்கள் அனுப்பப்பட்டன. இரண்டுமே அவர்களுடைய கட்டடத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் இருந்த தபால் சோதனை நிலையத்திலேயே பிடிபட்டன. அந்த அளவு வசதி நமக்கு இருக்காது, ஆனால் 'உள்ளே வருவதற்கு முன் ஒரு நிறுத்தம்' என்ற அதே யோசனையை ஒரு மேசையும் ஒரு கதவும் இருந்தாலே செய்துவிடலாம்.

அந்த அறையில் காற்று எப்படிப் போகிறது என்று பாருங்கள், இது முக்கியம். நம் ஊரில் சீலிங் ஃபேன் இல்லாத அறை ஏது? தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அதன் கீழே உட்கார்ந்து கவர் பிரிப்பதுதான் வழக்கம். அரை ஸ்பூன் பொடி கொட்டினாலும் அடுத்த நொடியில் அறை முழுக்கப் பரவிவிடும். கவர் பிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஃபேனை நிறுத்திவிடுங்கள், வேர்க்கும்தான், பொறுத்துக்கொள்ளலாம். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஏசி என்றால் அந்த அறைக்கு வரும் காற்றுவழியை அடைக்க முடியுமா என்று பராமரிப்பு ஆட்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஃபேன், ஏசி சுவிட்சுகள் அறைக்கு வெளியே இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் பிரச்சினை வந்தால் உள்ளே போகாமலே நிறுத்தலாம்.

கைகழுவும் குழாயும் சோப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேசை வழவழப்பாக, துடைக்க வசதியாக இருக்கட்டும். மேசைக்கு அடியில் பழைய கோப்பு மூட்டைகளை அடுக்கி வைக்காதீர்கள், ஒரு பொருள் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் கண்ணில் படாது.

உங்கள் தபாலின் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும்

வெளிநாட்டுத் தபால் துறைகளின் சுவரொட்டிகளில் சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும்: அனுப்புநர் முகவரி இல்லை, தேவைக்கு மேல் தபால்தலை, நிறைய டேப், எழுத்துப் பிழை, கோணல்மாணலான கையெழுத்து, பதவியை மட்டும் எழுதி ஆள் பெயர் இல்லாதது. இதை அப்படியே எடுத்து நம் ஊர் அலுவலகத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? பாதித் தபால் சந்தேகத் தபாலாகிவிடும். நம் மக்கள் மனு அனுப்பும்போது 'உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்' என்று பதவியைத்தான் எழுதுவார்கள், அனுப்புநர் முகவரி பெரும்பாலும் கவருக்கு உள்ளே, மனுவில்தான் இருக்கும். செல்லோ டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள், அதற்கு மேல் நாலு ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள், துணியில் தைத்து அரக்கு வைத்த பார்சலும் வரும். தினமும் பொய்யாக எச்சரித்தால் பத்தாவது நாள் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆகவே பட்டியலுக்கு முன்னால் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு எந்தெந்த ஊரிலிருந்து தபால் வரும், எந்தக் கூரியர்காரர் எத்தனை மணிக்கு வருவார், வங்கிக் கவர் எப்படி இருக்கும், மருந்து கம்பெனிக் காலண்டர் எந்த மாதம் வரும் என்பதெல்லாம் பல வருடம் தபால் பார்த்தவருக்குக் கைப்பாடம். அவர் ஒரு கவரைக் கையில் எடுத்து 'இது என்னமோ சரியில்லை சார்' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். காரணம் கேட்டு மடக்காதீர்கள். காரணம் அவருக்கே உடனே சொல்ல வராமல் இருக்கலாம், கை உணர்ந்ததை வாய் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முகவரி, டேப் போன்ற சாதாரண அறிகுறி ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், சேர்ந்து வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். யாரும் எதிர்பார்க்காத பார்சல், தெரியாத அனுப்புநர், அதற்கு மேல் 'அவர் மட்டுமே பிரிக்கவும்' என்ற குறிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் நிறுத்துங்கள். தபால் முத்திரையில் ஓர் ஊர், அனுப்புநர் முகவரியில் வேறு ஊர் என்றால் கேள்வி கேளுங்கள். ஆனால் அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம், ஒரு பக்கம் மட்டும் சாய்கிற கனம், எண்ணெய்க் கறை, நிறம் மாறிய திட்டு, விசித்திரமான வாசனை (அதை முகர்ந்து பார்க்கச் சொல்லவில்லை, தானாக வந்தால்), மடிப்பில் பொடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அல்லது அலுமினியத் தாள், உள்ளேயிருந்து சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மற்றதைத் தேட வேண்டியதில்லை.

திரும்பி வரும் பார்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. 1978 மே மாதம் சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பார்சல் கிடந்தது. அதில் அனுப்புநர் என்று இன்னொரு பல்கலைக்கழகமான நார்த்வெஸ்டர்னின் பேராசிரியர் ஒருவர் பெயர் இருந்ததால் அவருக்கே 'திருப்பி' அனுப்பினார்கள். அவர் பார்த்தார், கையெழுத்து தன்னுடையது இல்லை, தான் இதை அனுப்பவும் இல்லை. சரியாகச் சந்தேகப்பட்டு வளாகக் காவலரை அழைத்தார். அதுவரை எல்லாம் சரிதான், ஆனால் வந்த காவலர் அதைப் பிரித்தார், அது வெடித்து அவர் கையில் காயம்பட்டது. பின்னாளில் உனாபாம்பர் என்று அறியப்பட்ட டெட் கசின்ஸ்கியின் முதல் குண்டு அது. 1996-இல் அவர் பிடிபடுவதற்குள் 3 பேர் இறந்து 23 பேர் காயமடைந்திருந்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 2018 அக்டோபரில், அமெரிக்க அரசியல்வாதிகளுக்கும் சிஎன்என் அலுவலகத்துக்கும் பார்சல் குண்டுகள் அனுப்பியவரும் அனுப்புநர் இடத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் முகவரியைப் போட்டிருந்தார், அவர் பெயரையே பிழையாக எழுதி. ஒரு பார்சல் சேர வேண்டிய இடத்தில் சேராமல் அந்த உறுப்பினரின் அலுவலகத்துக்கே போய் நின்றது. நீங்கள் அனுப்பாத ஒன்று 'பட்டுவாடா ஆகவில்லை' என்று உங்களிடம் திரும்பி வந்தால் அதையும் அந்நியப் பார்சலாகவே நடத்துங்கள். அனுப்பும் தபாலுக்கு டெஸ்பாட்ச் பதிவேடு ஒழுங்காக இருந்தால், நாம் அனுப்பினோமா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சந்தேகம் லேசாக இருந்தால் சரிபார்ப்பது எளிது. கவரைக் கீழே வைத்துவிட்டுப் பெறுநரிடம் கேளுங்கள், 'இன்னார் இன்னதை அனுப்புவதாகச் சொன்னாரா?' என்று. ஸ்பீடு போஸ்ட் என்றால் அதன் 13 இலக்கக் குறியீட்டை இந்தியத் தபால் துறையின் தளத்தில் போட்டால் எந்த அலுவலகத்தில், எப்போது பதிவானது என்று காட்டும். அனுப்புநரைத் தொலைபேசியில் கேட்பதானால் உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கேளுங்கள், கவரில் எழுதியிருக்கும் எண்ணில் கேட்டுப் பயனில்லை.

தபால்காரரோ கூரியர்காரரோ இல்லாமல் யாரோ கையில் கொண்டுவந்து 'ஐயாகிட்ட குடுத்துடுங்க' என்று வைத்துவிட்டுப் போகும் பொட்டலத்தைத்தான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 1986 அக்டோபர் 19 அன்று நைஜீரியாவின் லாகோஸில் பத்திரிகை ஆசிரியர் டெலெ கிவாவைக் கொன்ற குண்டு அவருடைய வீட்டுக்கே கையில் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. அப்படி வருபவரிடம் பெயர், தொலைபேசி எண், யார் அனுப்பியது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பொருளை வாங்காதீர்கள். பகை சம்பாதிக்கும் வேலையில் இருப்பவர்கள், அதாவது நிருபர்கள், வழக்கறிஞர்கள், தகவல் உரிமை ஆர்வலர்கள், முடிந்தவரை வீட்டு முகவரியைக் கொடுக்காமல் அலுவலக முகவரியையே கொடுங்கள்.

சந்தோஷமான நேரத்தில் வரும் பார்சல் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஒடிசாவின் பட்னாகரில் 2018 பிப்ரவரி 23 அன்று கல்யாணப் பரிசு என்று கூரியரில் ஒரு பார்சல் வந்தது, கல்யாணம் முடிந்து ஐந்தே நாள். பிரித்தபோது வெடித்து மணமகனும் அந்த வீட்டு மூதாட்டி ஒருவரும் இறந்தார்கள், மணமகள் படுகாயம் அடைந்தார். ராய்ப்பூரிலிருந்து பொய்ப் பெயரில் அனுப்பப்பட்ட பார்சல் அது. மணமகனின் தாயோடு கல்லூரியில் பதவிப் பகை வைத்திருந்த விரிவுரையாளர் ஒருவருக்கு 2025-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. கல்யாண வீட்டில் போய்ப் பரிசுகளைச் சோதனை போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அனுப்பியவர் பெயர் வீட்டில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்றால், யார் என்று தெரியும்வரை பிரிக்காமல் வைக்கலாம். பரிசு எங்கும் ஓடிவிடாது.

பிரிக்கும் விதம்

நம் கைப்பழக்கங்கள் சில இந்த வேலைக்குச் சரிப்படாது. கவரை மேசையில் தட்டி உள்ளே இருக்கும் காகிதத்தை ஒரு பக்கம் ஒதுக்குகிறோம், மறுபக்கம் விளிம்பைக் கிழிக்கிறோம், அப்புறம் வாயை வைத்து 'ஃபூ' என்று ஊதிக் கவரை விரிக்கிறோம். உள்ளே பொடி இருந்தால் தட்டும்போதே அது கலைந்துவிடும், ஊதும்போது நேராக முகத்துக்கு வரும். அதே மாதிரிதான் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டுவதும். இந்த மூன்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள், ஒரு பைசா செலவில்லை.

கவர் திறக்கும் கத்தி ஒன்று வாங்கி வையுங்கள். கவரை மேசையில் படுக்க வைத்து, முகத்தை விலக்கி, ஒவ்வொன்றாக, அசைவு குறைவாகத் திறங்கள். உள்ளே விரலை விடாதீர்கள், பிளேடு வைத்துக் கவர் அனுப்புகிற வெறுப்புப் பேர்வழிகள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். எல்லாக் கவரையும் திறந்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று குவிக்காதீர்கள், ஒன்றில் பொடி இருந்தால் எது என்றே தெரியாமல் போய்விடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது, ஆனால் கையுறையோடே முகத்தைச் சொறிந்து, தொலைபேசியை எடுத்து, டீ குடித்தால் போட்டுப் பயனே இல்லை. பிரிக்கும் மேசையில் டீயும் வடையும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், தூசியை ஊதும் இயந்திரம் வேண்டாம். பிரென்ட்வுட் அனுபவத்துக்குப் பின் அமெரிக்கத் தபால் துறையே அழுத்தக் காற்றால் ஊதுவதைக் கைவிட்டு, நுண்துகள் பிடிக்கும் வடிகட்டி உள்ள வாக்குவம் கருவிக்கு மாறிவிட்டது.

பொடி கொட்டினால்

இங்கே நிதானம்தான் முதல் மருந்து. பொடியோடு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பயமுறுத்துவதற்காக முகப்பவுடரோ மாவோ வைத்து அனுப்புபவை. ஆனால் எது அது, எது இது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் கையாள வேண்டும்.

கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைக்கவும். குலுக்க வேண்டாம், உதற வேண்டாம், முகர வேண்டாம், திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். 'சார், இதைப் பாருங்க' என்று இன்னொருவரிடம் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு, ஓர் அறையில் நிற்க வேண்டிய பிரச்சினை அப்போது நாலு அறைக்குப் போகிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோ ஒரு தாளோ ஒரு குப்பைத் தொட்டியோ இருந்தால் அதை மேலே மெதுவாக மூடலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தேடி அலைய வேண்டாம். கொட்டிய பொடியைக் கூட்டவோ துடைக்கவோ கூடாது. ஃபேன், ஏசியை நிறுத்துங்கள், வெளியே வாருங்கள், கதவைச் சாத்துங்கள், கதவிடுக்கில் ஒரு துணியை வையுங்கள், யாரும் உள்ளே போகாதபடி ஒருவரை வெளியே நிறுத்துங்கள்.

அடுத்து கைகழுவல். சோப்பும் தண்ணீரும் போதும். பிளீச்சிங் பவுடர், பினாயில், டெட்டால் என்று கையில் ஊற்றாதீர்கள், தோல் புண்ணானால் கிருமிக்கு அது வாசல். கழுவும்வரை முகம், கண், வாய் பக்கம் கை போகக் கூடாது. உடையில் பொடி விழுந்திருந்தால் தலைவழியாக இழுக்காமல் மெதுவாகக் கழற்றி (சட்டை என்றால் பட்டன் கழற்றி, சுடிதார் என்றால் தயங்காமல் கத்தரித்து) பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். இதற்காக ஒரு மாற்று உடை, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு ஆகியவற்றை அலுவலகத்தில் எப்போதும் வையுங்கள். பெண் ஊழியர் என்றால் உடை மாற்ற மறைவான இடமும் உடன் ஒரு பெண்ணும் வேண்டும், இதைச் சம்பவ நாளில் யோசிக்க முடியாது.

112-க்கு அழையுங்கள். 'சந்தேகமான பொடியோடு ஒரு கவர் வந்திருக்கிறது, அறையைப் பூட்டிவிட்டோம், இத்தனை பேர் அந்த அறையில் இருந்தோம்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காவல்துறையும் தீயணைப்புத் துறையும் வந்தபின், தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி பெற்றவர்களை அவர்கள் வரவழைப்பார்கள். தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியனுக்கு ரசாயன, உயிரியல் ஆபத்துகளைக் கையாளும் பயிற்சி உண்டு.

அவர்கள் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை, பெயர் எழுதுவது. அந்த அறையில் இருந்தவர்கள், கவரைத் தொட்டவர்கள், காலையில் அதை வாங்கி வைத்த காவலர், கொண்டுவந்த தபால்காரர், எல்லார் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். யாரையும் 'நீ வீட்டுக்குப் போப்பா' என்று அனுப்பிவிடாதீர்கள், பேருந்து பிடித்துப் போய்விட்டால் தேடுவது கஷ்டம். ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காய்ச்சல் சளி போலத் தொற்றுவதில்லை, அதனால் கவரைத் தொட்டவரைத் தனிமைப்படுத்தி ஒதுக்கி வைக்கும் கொடுமை வேண்டாம், குளித்து உடை மாற்றியபின் அவர் பக்கத்தில் உட்காரலாம். ஆன்டிபயாடிக்கைக் கடையில் வாங்கித் தாங்களாகவே முழுங்கக் கூடாது, அதை மருத்துவர் சொல்லட்டும். கவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம், ஊர் முழுக்கப் பீதி பரவும், விசாரணையும் கெடும்.

பார்சல் வெடிக்கும் என்று தோன்றினால்

பொடி விஷயத்தில் கதவைச் சாத்தி அறையை அடைக்கிறோம், இங்கே எல்லாரும் விலகி ஓடுகிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்சலைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், வெளியே தூக்கிப்போய் வைக்கலாம் என்று வீரம் காட்டாதீர்கள். தண்ணீரில் முக்கினால் செயலிழக்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. கையில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் சமதளத்தில் மெதுவாக வைத்துவிட்டு விலகுங்கள். பக்கத்தில் நின்று கைபேசியில் பேசவும் வேண்டாம், தூரம் போனபின் அழையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு நேரே நிற்காதீர்கள், காயப்படுத்துவதில் கண்ணாடிச் சில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு தூரம்? அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அச்சிட்டுக் கொடுக்கும் அட்டையில் ஒரு பைப் குண்டு அளவுக்கே குறைந்தது 21 மீட்டர், முடிந்தால் 366 மீட்டர் என்று இருக்கிறது. எங்கே போய்க் கூடுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லாரும் எண்ணிக்கைக்கு நிற்கும்படி பழக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சந்தேகப்பட்டபின் 'எதற்கும் பிரித்துப் பார்த்துவிடலாம்' என்பதுதான் சிகாகோவில் கையைக் காயப்படுத்தியது. 2022-இல் ஸ்பெயினிலும் இதைப் பார்த்தோம். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஒரே ஆள் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட கடிதக் குண்டுகள் வரிசையாக வந்தன. பிரதமர் அலுவலகத்துக்கு வந்ததைப் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடித்தார்கள், டொர்ரெஹோன் விமானப்படைத் தளத்தில் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாட்ரிட்டின் உக்ரைன் தூதரகத்தில் ஊழியர் ஒருவர் கையால் பிரித்தார், விரலில் காயம்.

எக்ஸ்ரே இயந்திரம் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: மிரட்டல் வரும் நிறுவனம், நிறையப் பார்சல் வரும் இடம் என்றால் யோசிக்கலாம், ஆனால் படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் இயந்திரம் மட்டும் இருந்து பயனில்லை, பொடி என்ன பொடி என்பதையும் அது சொல்லாது. கையில் பிடிக்கும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி இதற்கு உதவாது, ஸ்டேப்ளர் பின்னுக்கே கத்தும்.

அன்றாடம் நடக்கக்கூடியது

பகையில்லாமல், கவனக்குறைவால் வரும் ஆபத்துதான் உங்கள் மேசைக்கு வர அதிக வாய்ப்பு. அடிபட்ட லித்தியம் பேட்டரி முதல் இடம். பவர் பேங்க், பழைய கைபேசி, மடிக்கணினி பேட்டரி வைத்த பார்சல் உப்பியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, உஸ்ஸென்ற சத்தமோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தாலோ தூக்காதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். புகை விஷம், அணைந்தது போல இருந்து மறுபடியும் பற்றும். ஆய்வகங்களும் பள்ளிகளும் வாங்கும் அமிலம், பாதரசம் உள்ள கண்ணாடிப் பொருள், மருத்துவமனைக்கு வரும் மாதிரிக் குப்பிகள் ஆகியவை கசிந்தாலும் வெறுங்கையால் துடைக்காமல் ஆளை விலக்கி, என்ன பொருள் என்று பார்சல் மேல் ஒட்டிய லேபிளைத் தூரத்திலிருந்து படித்து, அதை வரவழைத்த பிரிவின் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆட்கள்

எழுதி ஒட்ட வேண்டியது ஒரே ஒரு பக்கம்தான், தமிழில், பெரிய எழுத்தில், தபால் மேசைக்கு எதிர்ச் சுவரில்: நிறுத்து, தொடாதே, ஃபேனை அணை, வெளியே வா, கதவைச் சாத்து, கை கழுவு, 112. கீழே, பொறுப்பாளர் ஒருவர் எண்ணும், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் எண்ணும். தபால் பார்ப்பவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். விடுப்பு நாளில் தற்காலிக ஆள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கிழித்துப் போடுவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை செய்யுங்கள். ஒரு கவரில் கொஞ்சம் மைதா வைத்து, முன்கூட்டியே 'இன்று ஒத்திகை' என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். சொல்லாமல் பயமுறுத்துவது கொடுமை, நெஞ்சுவலிக்காரர் யாராவது இருந்தால் விபரீதமாகிவிடும். ஃபேன் சுவிட்ச் யார் கைக்கு எட்டியது, கதவைச் சாத்தினார்களா, எத்தனை பேர் எட்டிப் பார்க்க ஓடி வந்தார்கள் என்று கவனித்து எழுதுங்கள்.

தபால் பார்ப்பவருக்கு ஒரு அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள்: எந்தக் கவரையும், அது யார் பெயருக்கு வந்திருந்தாலும், பிரிக்காமல் நிறுத்தி வைக்கலாம், அதற்காக யாரும் அவரைத் திட்டக் கூடாது. 'என் லெட்டரை ஏன் லேட் பண்ணினே' என்று மேலாளர் ஒருமுறை கத்தினால் போதும், அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். பத்து முறை நிறுத்தி பத்தும் ஒன்றுமில்லை என்று ஆனாலும், பத்து முறையும் 'நல்லது செஞ்சீங்க' என்றுதான் சொல்ல வேண்டும்.

சம்பவம் நடந்துவிட்டால் அந்த ஊழியரின் மருத்துவச் செலவும், பரிசோதனை முடிவு வரும்வரை சம்பளத்தோடு விடுப்பும் அலுவலகத்தின் பொறுப்பு, இதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் முதலில் அவருக்குச் சொல்லுங்கள், அதற்கு அப்புறம் மேலதிகாரிக்கு. ஒப்பந்த ஊழியர், வாசல் காவலர், பெருக்க வருபவர் எல்லாருக்கும் இதே ஏற்பாடு பொருந்த வேண்டும், ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேள் என்று கைகாட்டக் கூடாது. காவல்துறை திறந்துவிட அனுமதித்த பிறகும் அந்த அறையை யார், எப்படிச் சுத்தம் செய்வது என்று அவர்களிடமே கேட்டுச் செய்யுங்கள், பெருக்க வரும் அம்மாவிடம் துடைப்பத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடாதீர்கள்.